கடுகண்ணாவையில் பிரியும் மணல்

கண்டியிலிருந்து கொழும்புக்குப் புறப்படும் ரயில் பேராதனையைத் தாண்டிக் கடுகண்ணாவை நிலையத்தை நெருங்கும்வரை, தண்டவாளத்தின் இருபுறமும் பெய்யும் மழை கிழக்குக் கடலுக்குப் போகிறது. கடுகண்ணாவையில் இறக்கம் தொடங்கியதும் மழை கட்சி மாறிவிடுகிறது. மேட்டுக்கு இந்தப்பக்கம் விழும் துளி மகாவலியில் சேர்ந்து திருகோணமலைக்குப் போகும். அந்தப்பக்கம் விழும் துளி மாவனல்லை வழியாக மகா ஓயாவில் சேர்ந்து, நீர்கொழும்புக்கு வடக்கே கொச்சிக்கடை அருகே கடலை அடையும்.

பூகோளப் பாடத்தில் இதை நீர்ப்பிரிமேடு என்று படித்து அத்தோடு விட்டுவிடுகிறோம். ஆனால் அந்த மேட்டில் பிரிவது தண்ணீர் மட்டுமல்ல, மணலும்தான். இலங்கையின் வடமேல் கரையில் கற்பிட்டியிலும் அதற்கு வடக்கேயுள்ள தீவுகளிலும் காலடியில் கிடக்கும் மணலில் ஒரு பங்கு கண்டியைச் சூழ்ந்த மலைகளின் மேற்குச் சரிவிலிருந்து போனது. கற்பிட்டிக்குச் சுற்றுலா போகும் கண்டிக்காரர் தன் சொந்த மலையின் மறுமுனையைத்தான் பார்க்கப் போகிறார். இந்த அத்தியாயம் அந்த மணலைப் பின்தொடர்கிறது.

கண்டி மலைகள் மிகப் பழைய பாறைகள். ஆழத்தில் அழுந்தி, வெந்து, உருமாறி இன்றைய வடிவத்தை அவை பெற்றது ஏறத்தாழ 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன், இலங்கையும் இந்தியாவும் ஆபிரிக்காவும் அந்தாட்டிக்காவும் கோண்டுவானா என்ற ஒரே நிலமாக ஒட்டிக்கொண்டிருந்த காலத்தில். நைஸ், சார்னொக்கைட், குவார்ட்சைட் என்று இவற்றுக்குப் பல பெயர்கள். மழையும் வெப்பமும் இந்தப் பாறைக்குள் புகும்போது எல்லாக் கனிமங்களும் ஒரேமாதிரி நடந்துகொள்வதில்லை. ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகக் கரைந்துபோகும். இரும்புள்ள கனிமங்கள் துருப்பிடித்து, நம் வீட்டுச் சுவரின் அடியில் தெறிக்கும் அந்தச் செம்மண் நிறத்தைத் தரும். குவார்ட்ஸ் மட்டும் எதற்கும் மசியாது. அதோடு கார்னெட், இல்மனைட், சிர்கோன் போன்ற சில பிடிவாதக் கனிமங்களும் மிஞ்சும். கடற்கரை மணல் என்பது மலை அழிந்தபின் அழிய மறுத்து நின்றவற்றின் தொகுப்பு.

இந்த மணல் ஆண்டு முழுவதும் நகர்வதில்லை. பெரும்பகுதி வெள்ளத்தில்தான் நகரும். ஆறு கலங்கி மண்ணிறமாக ஓடும் சில நாட்களில் அடித்தரை மணல் உருண்டும் குதித்தும் முன்னேறும். வெள்ளம் வடிந்ததும் அடுத்த வளைவில் படுத்துவிடும். மலையிலிருந்து கடல்வரை இப்படிப் படுத்தும் எழுந்தும் போக ஒரு மணல்மணிக்கு எத்தனையோ தலைமுறைக் காலம் ஆகலாம்.

கிழக்கு வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது இப்போது பெரும்பாலும் அடைபட்ட வழி. 335 கிலோமீற்றர் நீளமான மகாவலி, பேராதனைப் பூங்காவைச் சுற்றி, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் கீழ் ஓடி, பொல்கொல்லையில் 1976 முதல் ஓர் அணைக்கட்டைச் சந்திக்கிறது. அதற்குக் கீழே 122 மீற்றர் உயர விக்டோரியா அணை. அதற்கும் கீழே ரந்தெனிகலை, ரந்தம்பை. தேங்கிய நீரில் வேகம் இல்லை, வேகம் இல்லாத நீரால் மணலைச் சுமக்க முடியாது. அணைகள் இல்லாத காலத்திலும் இந்த மணலுக்கு ஒரு விசித்திரமான முடிவு காத்திருந்தது. மகாவலி கலக்கும் கொட்டியாரக் குடாவின் வாயிலிலேயே திருகோணமலைக் கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. ஆறு கொண்டுவந்த மணலில் பெரும்பங்கு கரையோரம் பரவித் தீவு கட்ட வாய்ப்பின்றி அந்தப் பள்ளத்தில் சரிந்து ஆழ்கடலுக்குப் போய்விட்டது. நாட்டின் மிகப்பெரிய ஆறு கரையைக் கட்டியது குறைவு. அந்த வேலையைச் செய்தவை மேற்கே ஓடும் சிறிய ஆறுகள்.

பின்னவலவில் யானைகள் குளிப்பதைப் பார்க்கக் கண்டியிலிருந்து போகாதவர்கள் குறைவு. யானைகள் இறங்கும் அந்த ஆறுதான் மகா ஓயா. அவை காலால் கிளறிவிடும் மணல் அலவ்வவைக் கடந்து கொச்சிக்கடைக்குப் போகவேண்டிய மணல். இதற்கு வடக்கே, கண்டி, மாத்தளை மலைகளின் மேற்குச் சரிவு நீரைத் திரட்டிக்கொண்டு சிலாபத்தில் கடல் சேரும் தெதுரு ஓயா இரண்டாவது மணல் வழி. தெற்கே களனி கங்கையும் தன் பங்கைத் தருகிறது.

மணல் கடலை அடைந்ததும் அதன் பயணம் முடிந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் அங்கேதான் திசை மாறுகிறது. மே முதல் செப்டெம்பர் வரை சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும்போது அலைகள் மேற்குக் கரையை நேராக மோதுவதில்லை, சாய்வாக மோதுகின்றன. அலை ஏறும்போது மணலைச் சாய்வாக வடகிழக்கே தள்ளும். இறங்கும்போது தண்ணீர் சரிவின் வழியே நேராகக் கீழே வழியும். ஏறியது ஓரிடம், இறங்கியது இன்னோரிடம். ஒவ்வோர் அலைக்கும் மணல் சில விரற்கடை வடக்கே நகர்ந்திருக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் ஓரளவு திரும்பி வந்தாலும், ஆண்டுக் கணக்கில் மிச்சம் வடக்குக்குத்தான். இதுதான் கரையோர மணல் ஓட்டம். மாரவில, சிலாபம், உடப்பு என்று ஒவ்வோர் ஊரின் கரையும் தெற்கிலிருந்து வாங்கி வடக்குக்குக் கொடுக்கிறது. கடலுக்கும் முந்தல் களப்புக்கும் நடுவே ஒடுங்கிய மணல் நிலத்தில் திரௌபதை அம்மன் கோயிலோடு இருக்கும் உடப்புக்குப் போனவர்கள், இந்த ஓட்டம் கட்டிய நிலத்தில்தான் நின்றிருக்கிறார்கள்.

கரை உள்வாங்கித் திரும்பும் இடத்தில் ஓட்டம் கரையோடு திரும்புவதில்லை. மணல் நேராகப் போய்க் கடலுக்குள் ஒரு முனையை நீட்டும். முனைக்கும் பழைய கரைக்கும் நடுவே அடைபட்ட நீர் களப்பாகும். முனை உடைந்தாலோ, ஆழமற்ற கடலில் மணல் தனித்து மேடிட்டாலோ அது தடுப்புத்தீவு. 2011இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மத்தேயு ஸ்டட்ஸும் ஓரின் பில்கியும் செய்மதிப் படங்களைக் கொண்டு உலகெங்கும் இத்தகைய 2,149 தீவுகளை எண்ணினார்கள். ஏறத்தாழ முக்கால்வாசி வட அரைக்கோளத்தில். மணல், அலை, மெதுவாகச் சரியும் கடலடி மூன்றும் வாய்த்தால் குளிர்நாட்டிலும் வெப்பநாட்டிலும் இவை உருவாகும். புளோரிடாவின் மிதவெப்பக் கரைத் தீவுகள் உலகப் புகழ் பெற்றவை. நம் கற்பிட்டிக்கு அந்தப் புகழ் இல்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகத்தின் உச்சத்தில் கடல் மட்டம் இன்றையதைவிட 120 மீற்றரளவு தாழ்ந்திருந்தது. பனி உருகக் கடல் ஏறிவந்து, 6,000 ஆண்டுகளுக்கு முன்னளவில் இன்றைய மட்டத்தையும் சற்றுத் தாண்டி, பிறகு அடங்கியது. கடல் அடங்கிய பிறகுதான் அலைகளுக்கு ஒரே வரம்பில் நின்று வேலை செய்ய நேரம் கிடைத்தது. எனவே கற்பிட்டியின் கடலோர மணல்மேடுகள், அவற்றைப் பெற்ற மலையோடு ஒப்பிட்டால், மிக இளையவை.

கண்டியிலிருந்து அங்கே போக ஏ-10 வீதி போதும். கட்டுகஸ்தோட்டையில் மகாவலிக் கரையில் தொடங்கும் அந்த வீதி, குருணாகலைத் தாண்டி, தெதுரு ஓயாவைக் கடந்து, புத்தளத்தில் முடிகிறது. கண்டியின் செங்காவி மண் படிப்படியாக வெளிறி, தென்னந்தோப்பாகி, கடைசியில் வெறும் மணலாவதை பஸ் ஜன்னலிலேயே பார்க்கலாம். புத்தளத்துக்குத் தெற்கே பாலாவியில் திரும்பினால் உப்பளங்கள். மழை குறைந்த மாதங்களில் களப்பின் தென்கோடியில் ஆவியாகும் நீர் அதிகம், வந்துசேரும் நீர் குறைவு. கடலோடு கலக்கும் வாயும் வடக்கே தொலைவில். அதனால் இங்கே நீர் கடலைவிட உப்பாகிறது. உப்பு விளைவிக்க இதைவிட நல்ல இடம் வேண்டியதில்லை.

பழைய கண்டி இராச்சியத்துக்கும் இந்த மணல்முனை தூரத்து ஊராக இருக்கவில்லை. கண்டியின் பொருட்கள் வெளியே போகவும் வெளியார் சரக்கு உள்ளே வரவும் புத்தளம், கற்பிட்டித் துறைகள் வழிகளாக இருந்தன. கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் அந்த வாசலை அடைக்கவே டச்சுக்காரர் 1667 முதல் 1676 வரை கற்பிட்டியில் கோட்டை கட்டினார்கள். கோட்டை இன்றும் களப்பைப் பார்த்தபடி நிற்கிறது.

தடுப்புநிலத்தைப் புரிந்துகொள்ள ஒரே வழி, அதைக் குறுக்கே நடந்து கடப்பது. கடற்பக்கத்தில் தொடங்குங்கள். ஒரு கைப்பிடி மணலை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். கண்ணாடித் துண்டுபோல இருப்பவை குவார்ட்ஸ், வெளிர்சிவப்பாக மின்னுபவை கார்னெட், கறுப்பு பெரும்பாலும் இல்மனைட். சிப்பித் துகள்கள் வெள்ளையாக, தட்டையாக இருக்கும். அவை மட்டுமே கடலில் பிறந்தவை. பெரிய அலைகள் அடித்து ஓய்ந்த பிறகு கரையில் கறுப்பும் சிவப்புமாகக் கோடுகள் தெரியும். குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, கார்னெட் 4 அளவில், இல்மனைட் 4.7. திரும்பும் அலை இலேசானதை இழுத்துக்கொண்டு கனமானதை விட்டுச் செல்கிறது. இதே வேலை கிழக்கே புல்மோட்டையில் பெரும் அளவில் நடந்ததால்தான் அங்கே தாது மணல் அகழப்படுகிறது.

அலை எட்டாத இடத்தில் அடம்பன் கொடி தொடங்குகிறது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நாம் ஒற்றுமைக்குச் சொல்லும் பழமொழி கரையின் பௌதிகமாகவும் உண்மை. ஒரு கொடியால் காற்றை நிறுத்த முடியாது. பல கொடிகள் பின்னிப் படர்ந்த இடத்தில் தரையோரக் காற்று வேகம் இழக்கிறது, சுமந்துவந்த மணலைப் போடுகிறது. போட்ட மணல் கொடியை மூடினால் அது கணுவில் வேர்விட்டு மேலே வரும். இப்படி மணலும் கொடியும் மாறிமாறி ஏறுகின்றன. அதன்பின் இராவணன் மீசை தன் முள்ளுருண்டைகளைக் காற்றில் உருட்டி விதை பரப்பும். அதற்கும் பின்னால் தாழைப் புதர். விடுதி கட்டுபவர்கள் கடல் தெரியவேண்டும் என்று முதலில் வெட்டித் தள்ளுவது இந்த மூன்றையும்தான். கரை அரிக்கப்படுவதாகப் பின்னர் அவர்களே முறையிடுவதைக் கேட்கும்போது மனம் நோகிறது.

மேட்டின் மறுபக்கம் இறங்கினால் கிணறுகளும் காய்கறித் தோட்டங்களும். இருபுறமும் உப்புநீர் சூழ்ந்த மணலில் நன்னீர் எங்கிருந்து? மழைநீர் மணலுக்குள் இறங்கி, உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீர் 1.025. இந்தச் சிறு வித்தியாசத்தால், நிலத்தடி நன்னீர் கடல் மட்டத்துக்கு ஒரு மீற்றர் மேலே நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்க முடியும். நெதர்லாந்தின் கைபென் 1889இலும், வட கடல் கரை ஊர்களின் குடிநீரை ஆராய்ந்த ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க் 1901இலும் விளக்கிய விதி இது. விதியின் மறுபக்கம் கொடுமையானது. பம்பு போட்டு இறைத்து மேல்மட்டத்தை ஒரு மீற்றர் இறக்கினால், அடியில் உப்புநீர் 40 மீற்றர் ஏறப் பார்க்கும்.

1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில்தான் தங்கினார்கள், கற்பிட்டி மணலிலும் பலர் குடியேறினார்கள். எல்லாம் இழந்து வந்தவர்களுக்கு ஆழமில்லாத அந்தக் கிணறுகள் உயிர் கொடுத்தன. ஆனால் மணல் தண்ணீரை வேகமாக உள்ளே விடுவதைப் போலவே உரத்தையும் விடும். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போடும் நைத்திரசன் உரம் கிணற்றுநீரில் நைத்திரேற்றாக ஏறியிருப்பதைக் கற்பிட்டியில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதை விவசாயியின் குற்றமாகச் சொல்வது நியாயமல்ல. வெறும் மணலில் உரமில்லாமல் எதுவும் விளையாது.

களப்புப் பக்கம் வந்ததும் அலையோசை அடங்குகிறது. புத்தளம் களப்பும் வடக்கே அதைத் தொடரும் டச்சு விரிகுடாவும் போர்த்துகல் விரிகுடாவும் சேர்ந்து 300 சதுர கிலோமீற்றருக்கும் மேல். கரையில் கண்டல் காடு, இடையிடையே சேற்றுத்தரை. நீருக்கடியில் கடற்புல். இறால் குஞ்சும் நண்டும் மீன் குஞ்சும் வளர்வது இந்தப் புல்லிலும் கண்டல் வேர்களிலும்தான். கண்டலை வெட்டி 1980களிலும் 90களிலும் இறால் பண்ணைகள் தோண்டியதால் இழந்தது மரங்களை மட்டுமல்ல. 1996இல் வெண்புள்ளி நோய் வந்து பல பண்ணைகள் கைவிடப்பட்டபின், இறாலும் இல்லை, கண்டலும் இல்லை. கடற்புல்லை மேயும் ஆவுளியா எப்போதாவது இக்கடலில் தென்படுகிறது. பாக்கு விரிகுடாவின் மறுகரையில் தமிழ்நாடு 2022இல் அதற்கென 448 சதுர கிலோமீற்றரை ஒதுக்கியது. நம் பக்கத்துப் புல்வெளிகளுக்கும் அந்த அக்கறை வேண்டும். வாடைக் காலத்தில் வடக்கிலிருந்து வரும் உள்ளான்களும் ஆலாக்களும் சேற்றுத்தரையில் கூட்டமாக இறங்கும். வீதிகளில் கழுதைகள் கட்டாக்காலியாகத் திரியும். களப்பின் எதிர்க்கரை வில்பத்து வனம்.

கற்பிட்டிக்கு வடக்கே நிலம் துண்டுகளாக உடைகிறது. உச்சமுனை, இப்பன்தீவு, பத்தலங்குண்டு. கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவக் குடும்பங்கள் இங்கே வாடி போட்டுத் தங்கி, கருவாடு காயவைத்து, சோளகம் எழுவதற்குள் திரும்புவது பழைய வழக்கம். மணல் எந்தக் காற்றில் வடக்கே போகிறதோ, மனிதர் அந்தக் காற்றுக்கு முன் தெற்கே போய்விடுகிறார்கள். இதே சோளகத்துக்காகவே களப்பில் காற்றாடிப் பலகை ஓட்டுபவர்கள் வருகிறார்கள். ஓங்கில்களைப் பார்க்க வருபவர்களோ நவம்பர் முதல் ஏப்ரல்வரை வரவேண்டும்.

இங்கே கடலடி, படகில் எட்டும் தூரத்திலேயே செங்குத்தாக இறங்கிவிடுகிறது. இரவில் ஆழத்திலிருந்து மேலே வரும் சிறு மீன்களையும் கணவாய்களையும் வேட்டையாடும் சுழல் ஓங்கில்கள், பகலில் கூட்டமாக மெதுவாக நீந்தி ஓய்வெடுக்கின்றன. அவை துள்ளிச் சுழல்வதைக் காணும் மகிழ்ச்சியில் நாம் மறப்பது, அது அவற்றின் ஓய்வு நேரம் என்பதை. பல படகுகள் ஒரே கூட்டத்தைத் துரத்தும்போது அவை தூக்கம் இழக்கின்றன. ஓட்டுநரிடம் எஞ்சினைக் குறைத்துத் தள்ளியே நிறுத்தச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர்களும் அதையே விரும்புவார்கள். பயணிகள் கேட்பதால்தான் துரத்துகிறார்கள். சற்று அப்பால் பார் ரீஃப் பவளத்திட்டு, 1992 முதல் சரணாலயம். 1998இன் கடல்வெப்பத்தில் அதன் ஆழமற்ற பகுதிப் பவளங்கள் ஏறக்குறைய முழுதும் வெளுத்து மடிந்தன. மெல்லத் தளிர்த்து வந்ததை 2016இன் வெப்பம் மறுபடி தாக்கியது.

தடுப்புத்தீவு அசையாமல் நிற்பதில்லை. கடல் ஏறினால் பெரும் அலைகள் மேட்டைத் தாண்டி மணலைக் களப்புப் பக்கம் கொட்டும். முன்னால் இழந்ததைப் பின்னால் சேர்த்துக்கொண்டு தீவு முழுதாக நிலத்தை நோக்கி நகரும். அப்படி நகர்ந்து பிழைக்க அதற்கு இரண்டு வேண்டும்: நகர இடம், தொடர்ந்து வரும் மணல். இடத்தைச் சுவரும் வீதியும் எடுத்துக்கொள்கின்றன. மணலை எடுப்பது நாம். கண்டியிலும் குருணாகலிலும் கம்பஹாவிலும் கொழும்பிலும் வீடு கட்டுபவர்கள் கியூப் கணக்கில் வாங்கும் ஆற்றுமணல் டிப்பரில் ஏறிய அன்றே கடலுக்கான வழியை விட்டு விலகிவிட்டது. மகா ஓயாவிலும் தெதுரு ஓயாவிலும் பல ஆண்டுகள் அகழ்ந்ததில் ஆற்றுப்படுகை தாழ்ந்தது, கரைகள் சரிந்தன, கிணறுகள் வற்றின, முகத்துவாரத்தில் உப்புநீர் உள்ளே ஏறியது. மகா ஓயாவின் மணலை எதிர்பார்த்திருந்த மாரவிலக் கரையில் தென்னைகளையும் வீடுகளையும் கடல் எடுத்தது. அங்கே கற்களைக் குவித்துக் கடலரிப்பைத் தடுத்தார்கள். கல்லுக்குப் பின்னால் கரை நின்றது. ஆனால் வடக்கே போகவேண்டிய மணலும் நின்றது. அரிப்பு அடுத்த ஊருக்கு நகர்ந்தது.

சட்டமும் மணலைப் பாதியில் வெட்டித்தான் பார்க்கிறது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் உயர்நீர் எல்லையிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றரைக் கரையோர வலயம் என்கிறது. ஆறும் களப்பும் கடலோடு சேரும் இடங்களில் அது உள்நோக்கி 2 கிலோமீற்றர்வரை போகும். அதற்கு மேலே ஆற்றில் மணல் எடுக்க அனுமதி தருவது 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வரும் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகம். ஒரு சட்டத்தின் கண்ணில் மணல் கட்டடப் பொருள், மற்றொன்றின் கண்ணில் கரை. மாவனல்லையில் அனுமதிக்கப்படும் ஒவ்வொரு கியூபும் பத்தலங்குண்டில் எவ்வளவு கரை என்று கேட்கவேண்டிய மேசை இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கவேண்டும். மாவனல்லையில் வெள்ளக்காலத்து மணல் ஓட்டத்தையும், கொச்சிக்கடையில் கடலுக்குப் போவதையும், கற்பிட்டி முனையில் ஆண்டுதோறும் கரை நகர்வதையும் அளந்து ஒரே ஏட்டில் எழுதினால் அந்த மேசைக்கு வேலை தொடங்கிவிடும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கும் மாணவர்களுக்கு முதல் அளவை இடம் ஒரு மணிநேர பஸ் பயணத் தூரம்தான்.